ஆறு சுற்று உயர்ந்த ஸ்டூல்

அந்தத் தெருவில் அவளுக்கு வைத்த பெயர் ஃபிளாஷ் அக்கா. படம் பிடிக்கிறவள் என்பதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். தெருக்காரர்களுக்கு விஷயம் தெரியும். அவளுக்குக் கோபம் வருவது அப்படித்தான்: முன்னறிவிப்பு கிடையாது, பளீரென்று ஒரே வெளிச்சம், எதிரில் இருப்பவருக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியாது. ஒருமுறை கடைவாசலை மறைத்து நிறுத்தியிருந்த வண்டியை அவள் ஒரு பார்வை பார்த்ததில், அந்த வண்டி ஆளில்லாமலே நாலடி பின்னால் போனது என்று எதிர்க்கடைச் சாவிக்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்வார். வண்டி சரிவில் நின்றது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

கடை என்றால் எட்டடிக்குப் பன்னிரண்டடி. எதிரே அரசு அலுவலகம். அடையாள அட்டைக்கு ஒட்டும் படம் தவிர வேறு எதுவும் எடுப்பதில்லை. பல்லைக் காட்டிச் சிரிக்க ஆசைப்படுகிறவர்கள் அடுத்த தெருவுக்குப் போகலாம். இங்கே இரண்டு காதும் தெரிய வேண்டும், மோவாய் நேராக இருக்க வேண்டும், கண் லென்ஸுக்குச் சமமாக இருக்க வேண்டும். கேமராவின் முக்காலியைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தாள். அதை யாரும் நகர்த்தக் கூடாது. ஆளைத்தான் ஏற்றி இறக்குவது. அதற்கென்று ஒரு திருகு ஸ்டூல். அதன் தண்டில் மூன்று பெயிண்ட் கோடுகள்: குழந்தைகளுக்குச் சிவப்பு, நெட்டைக்காரர்களுக்கு நீலம், மற்ற எல்லாருக்கும் மஞ்சள். ஸ்டூல் வாங்கி வந்த அன்றைக்கு அவளே உட்கார்ந்து, கண்ணை லென்ஸுக்கு நேராகப் பிடித்து, புருஷனைப் போடச் சொன்ன கோடுதான் அந்த மஞ்சள்.

புருஷன் வெட்டுகிற வேலை, ஒட்டுகிற வேலை, பிளாஸ்டிக் உறை போடுகிற வேலை. தெரு அவரை லேமினேஷன் மாமா என்று கூப்பிட்டது. வாயையும் சேர்த்து லேமினேட் பண்ணிக்கொண்டார் என்று கேலி செய்வார்கள். இருபத்தெட்டு வருஷமாக அவளோடு குடித்தனம் நடத்தும் மனிதர் வேறெப்படி இருக்க முடியும்?

அவள் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், காலை ஆறு மணி ஷிப்ட், நாலு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும், மெஷினில் சுத்தமாகும், இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். அந்த அறையில் எட்டு நாற்காலிகள், எட்டு மெஷின்கள், ஓயாமல் கீச்சிடும் அலாரங்கள், நடுவில் ஒரு தூண், தூணை ஒட்டி ஓர் எடை மெஷின். உள்ளே வரும்போது ஒரு எடை, போகும்போது ஒரு எடை. நூறு கிராம் கூடினாலும் ஹெட் நர்ஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நேத்து எத்தனை கிளாஸ் தண்ணி குடிச்சீங்க?" என்று குறுக்கு விசாரணையை ஆரம்பித்துவிடுவாள். பன்னிரண்டு வருஷத்தில் அவளை மூவாயிரத்து எழுநூறு தடவைக்கு மேல் எடை போட்டிருக்கிறார்கள். உயரத்தை ஒரே ஒரு தடவைதான் அளந்தார்கள், முதல் நாள் ஃபைல் திறந்தபோது.

பக்கத்து நாற்காலி டிரைவர் அண்ணனுடையது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர். ஒன்பது வருஷமாக அந்த நாற்காலியிலும் ஸ்டியரிங் பிடித்தவர் மாதிரியே உட்கார்ந்திருப்பார்.

"மூணாவது மணி நேரம் வந்தாச்சு. இறங்கறவங்க இறங்கலாம்" என்று குரல் கொடுப்பார்.

"கையில ரெண்டு ஊசியோட எங்க இறங்கறது அண்ணே?"

"அப்ப உள்ள தள்ளிப் போ தங்கச்சி. படிக்கட்டுல தொங்காத."

அவள் யார்மேலாவது பாய ஆரம்பித்தால், "பிரஷரை ஏத்தாத, மெஷின் கத்தும், நர்ஸம்மா என்னைத்தான் திட்டுவாங்க" என்பார். அவர் சொன்னால் மட்டும் அவள் அடங்குவாள். அந்த அறையில் இது எல்லாருக்கும் தெரிந்த அதிசயம்.

அந்த அண்ணன் ஒரு செவ்வாய்க்கிழமை, ஊசி எடுத்து, பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டு, எடை பார்த்துவிட்டு எடை மெஷினைவிட்டு இறங்கினார். நாலு விரற்கடை உயரம். ஒரு காலைத் தரையில் வைத்தார். எட்டு மெஷின் இரைச்சலையும் மீறி ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அது. அதற்குப் பிறகுதான் விழுந்தார். விழுந்து ஒடியவில்லை, ஒடிந்து விழுந்தார். எத்தனை பேர் கேட்டாலும் அவள் இந்த வரிசையை மாற்றிச் சொல்ல விட மாட்டாள்.

இடுப்பு எலும்பு. கம்பி வைத்துக் கட்டினார்கள். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சளி கட்டியது, சோறு இறங்கவில்லை, நாற்பத்தோராவது நாள் போய்விட்டார். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதினார்கள். அதே வாரம் அவருடைய நாற்காலியில் புது ஆள் ஒருவர் மிரள மிரள உட்கார்ந்திருந்தார்.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அவள் கேட்டாள். "அண்ணனுக்கு ஏன் சார் அப்படி ஆச்சு?"

"எலும்பு ரொம்ப வீக்கா இருந்துச்சும்மா. டயாலிசிஸ்ல ரொம்ப வருஷம் இருக்கிறவங்களுக்கு அப்படித்தான் ஆகும்."

"அப்ப முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"பொதுவா தெரியும்."

"அவருக்குத் தெரியுமா?"

டாக்டர் சார்ட்டைப் புரட்டினார்.

"எலும்பைப் பார்க்க ஒரு ஸ்கேன் இருக்காமே சார். எங்க கடைக்கு வர்ற அம்மா ஒருத்தங்க எடுத்தாங்க."

"அது மத்தவங்களுக்கு. உங்களை மாதிரி இருக்கிறவங்களுக்கு எடுத்துப் பிரயோஜனம் இல்லைன்னுதான் படிச்சிருக்கோம். நீங்க ஏன் கவலைப்படறீங்க? பன்னிரண்டு வருஷம் ஓட்டிட்டீங்க. அதுவே பெரிய விஷயம்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அதுவே பெரிய விஷயமாம். ஓட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவனைப் பார்த்து, இவ்வளவு தூரம் வந்ததே அதிகம் என்று சொல்வது மாதிரி. அவள் மெஷின் கீச்சென்று கத்தியது. ஹெட் நர்ஸ் ஓடி வந்து அலாரத்தை அணைத்துவிட்டு, பிரஷர் நூற்றுத் தொண்ணூறு என்று எழுதிக்கொண்டாள். அடக்குவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

அடுத்த வாரம் அந்த வருஷத்து டயாலிசிஸ் அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை புதுப் படம் ஒட்ட வேண்டும். அவள் படத்தை அவளேதான் எடுத்துக்கொள்வாள். ஸ்டூலைத் திருகி, உட்கார்ந்து பார்த்து, கண் லென்ஸுக்குச் சமமாக வருகிற வரைக்கும் எழுந்து எழுந்து சரி செய்து, டைமரை அமுக்குவாள். அந்த வருஷம் முதுகு வலி அவளை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. நாற்காலியில் கிடந்து கிடந்து வந்த வலி என்றே நினைத்திருந்தாள்.

"என்னங்க, ஸ்டூலைத் திருகுங்க. குனிய முடியல" என்றாள்.

லேமினேஷன் மாமா வந்தார். மஞ்சள் கோட்டில் வைத்தார். அதற்குமேல் திருகிக்கொண்டே, பழக்கத்தில், வாய்க்குள் எண்ணினார். "...நாலு, அஞ்சு, ஆறு. உட்காரு."

"என்ன ஆறு?"

"உனக்கு மஞ்சளுக்கு மேல ஆறு சுத்து."

"எனக்கு எதுக்கு ஆறு சுத்து? மஞ்சள் என் கோடு."

"போன வருஷம் அஞ்சு. நீ வச்சுட்டு எழுந்து போனப்புறம் நான்தானே இறக்கி வைப்பேன். அதுக்கு முந்தின வருஷம் நாலோ நாலரையோ."

அவள் மஞ்சள் கோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கத்தாமல் இருந்தால் மாமாவுக்குத்தான் பயம்.

"இதை ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"ஸ்டூல் தேஞ்சு இறங்குதுன்னு நெனச்சேன். பழைய ஸ்டூல்தானே. போன வருஷம் அடியில ஒரு வாஷர்கூடப் போட்டேன்."

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் அவர்மேல் பாயாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். ஏனென்றால் குற்றவாளி அவர் இல்லை. கோணலாக வருகிற ஆளை நேராக்கி, குட்டையாக வருகிற ஆளை ஏற்றி, எல்லார் கண்ணையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது அவள் தொழில். அந்தத் தொழில் சுத்தத்தில், தன் முதுகெலும்பு வருஷத்துக்கு வருஷம் நசுங்கி இறங்கியதை அவளே திருகித் திருகி மேலே ஏற்றி மறைத்திருக்கிறாள். அட்டைகளை வரிசையாக எடுத்து வைத்தாள். பன்னிரண்டு வருஷமும் ஒரே மட்டத்தில் கண், ஒரே இடத்தில் மோவாய், பின்னால் வெள்ளைத் திரை. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. இதைவிட நேர்த்தியான பொய்யை வேறு யாராலும் எடுத்திருக்க முடியாது.

சுவரோடு நின்று டேப்பால் அளந்தார்கள். நூற்றைம்பத்திரண்டரை சென்டிமீட்டர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த இடத்து அட்டையில் நூற்றைம்பத்தெட்டு.

"அஞ்சரை எங்கங்க போச்சு?" என்றாள்.

மாமா டேப்பைச் சுருட்டினார். நேற்றுவரை வாஷர் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நம்பிய மனிதர். சுருட்டிய டேப்பை மறுபடி விரித்து, இன்னொரு தடவை சுவரில் வைத்துப் பார்த்தார். கோபம் அப்போதுதான் தலைக்கு ஏறியது, முழுசாக, கால் கட்டைவிரலிலிருந்து.

அந்த மாதம் ஷிப்டில் எல்லாருக்கும் அட்டை புதுப்பிக்கும் மாதம்தான். "யாரும் கடைக்கு அலைய வேண்டாம், நானே வந்து எடுக்கறேன்" என்று அவள் சொன்னபோது, ஃபிளாஷ் அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது, மனசு இளகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவள் கேமராவோடு டேப்பும் கொண்டு வந்தாள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் டேப்பை நட்டமாக ஒட்டினாள். முகத்துக்கு ஒரு படம், நிற்க வைத்துத் தலை முதல் கால் வரை ஒரு படம்.

"அட்டைக்கு முகம் போதுமே" என்றார் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றவர், கடைசி நாற்காலிக்காரர், எதையும் சரிபார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"செருப்பைக் கழட்டுங்க சார். குதிகால் சுவத்துல படணும். நிமிருங்க."

நின்றார்.

"நிமிருங்க சார்."

"நிமிர்ந்துதாம்மா நிக்கறேன்."

அவள் கேமராவிலிருந்து முகத்தை எடுத்துப் பார்த்தாள். அவர் உண்மையாகவே நிமிர்ந்துதான் நின்றுகொண்டிருந்தார். அதற்கு மேல் அந்த முதுகு வராது. அவள் பட்டனை அமுக்கினாள்.

அன்றைக்கு மதியம் ஹெட் நர்ஸ் அவளைப் பதிவேட்டு அறைக்கு இழுத்துப் போனாள். "எதுக்கு இந்த நாடகம்?"

"இவங்களோட முதல் நாள் உயரம் வேணும்."

"ஃபைலை வெளிய காட்டக் கூடாதுன்னு தெரியும்ல?"

"நீங்க காட்ட வேண்டாம். வாசிங்க. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

ஹெட் நர்ஸ் கதவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். டிரைவர் அண்ணன் ஒடிந்து விழுந்தபோது அவரைப் பிடிக்கப் பாய்ந்து, பிடிக்க முடியாமல் போனவள் இந்த நர்ஸ்தான். "முதல்ல அவங்களைக் கேட்டுட்டு வா. சரின்னு சொன்னவங்களுது மட்டும் வாசிக்கறேன்" என்றாள். எல்லாருமே சரி என்றார்கள். வாத்தியார் மட்டும், கழித்தலைத் தானே போடுவேன் என்று நிபந்தனை வைத்தார். போட்டார். நூற்றெழுபத்தொன்றில் நூற்றறுபத்தைந்து போக ஆறு. மூன்று தடவை போட்டும் ஆறுதான் வந்தது.

புது ஆளை விட்டுவிட்டால் ஷிப்டில் பழைய ஆட்கள் ஏழு பேர். ஐந்து பேருக்கு நாலு சென்டிமீட்டருக்குமேல் போயிருந்தது, அவளையும் சேர்த்து. ஏழு முழு உருவப் படங்களையும் ஒரே தாளில் அச்சடித்தாள். ஒவ்வொரு தலைக்கு மேலும், அந்த ஆள் ஒரு காலத்தில் எட்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு. தலைக்கும் கோட்டுக்கும் நடுவே வெற்றுச் சுவர். மாமா அதை லேமினேட் பண்ணினார், கிழித்துப் போட முடியாதபடி இரண்டு உறை போட்டு. தூணில், எடை மெஷினுக்கு நேர் மேலே ஒட்டினார்கள்.

வியாழக்கிழமை ரவுண்ட்ஸில் டாக்டர் அதன் முன்னால் நின்றார்.

"யார் வேலை இது?"

"என் வேலைதான் சார். நாற்காலிய விட்டு எழ முடியாது, நீங்கதான் இங்க வரணும்."

வந்தார். "உயரம் காலையில ஒண்ணு இருக்கும், சாயங்காலம் ஒண்ணு இருக்கும். நீங்க பாட்டுக்கு டேப்பை ஒட்டி அளந்துட்டு எல்லாரையும் பயமுறுத்தினா எப்படிம்மா?"

"எல்லாரையும் காலையிலதான் எடுத்தேன். செருப்பில்லாம எடுத்தேன். இருபத்தெட்டு வருஷமா ஆளை அளவுல நிறுத்தறதுதான் சார் எனக்குச் சோறு போடுது. என் அளவு தப்புன்னா நீங்க அளந்து காட்டுங்க. பன்னிரண்டு வருஷமா காத்துட்டிருக்கேன்."

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "கழித்தல் நான் போட்டது, டாக்டர்."

"சரி. குறைஞ்சிருக்கு. ஆனா ஸ்கேன் எடுத்து..."

"பிரயோஜனமில்லைன்னு புத்தகத்துல இருக்கு. சொன்னீங்க."

அப்போது ஹெட் நர்ஸ், ட்ரேயில் சிரிஞ்சுகளை அடுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "அந்தப் பக்கத்தைத் திருத்திட்டாங்க சார். ரொம்ப வருஷமாச்சு. டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கும் ஸ்கேன் பார்த்தா எலும்பு முறியுமான்னு கணிக்க முடியும்னு இருக்கு. அடர்த்தி குறைஞ்சவங்க சீக்கிரம் போயிடறாங்கன்னும் ஆராய்ச்சி வந்திருக்கு. போன பயிற்சியில கொடுத்த தாள் உங்க மேசையில வச்சேன். மேல டீ கிளாஸ் இருக்கு."

டாக்டர் அவள் நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட் பார்க்கிற மனுஷர், கண்ணுக்குக் கீழே கருப்பு தட்டியிருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்லட்டுமா? ஸ்கேன் மோசம்னு வந்தா உங்களுக்குக் கொடுக்க எங்கிட்ட அதிகமா ஒண்ணும் இல்லம்மா. எலும்புக்குக் கொடுக்கிற மருந்துல பாதி சிறுநீரகம் இல்லாதவங்களுக்கு ஆகாது."

"மீதிப் பாதி?"

அவர் தூணில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லைன்னு சொல்றதா இருந்தாலும் பார்த்துட்டுச் சொல்லுங்க சார். பார்க்காமலே சொல்றீங்களே, அதுதான் எரியுது. டிரைவர் அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்தா அந்த எடை மெஷின்ல இருந்து யார் கையையாவது பிடிச்சு இறங்கியிருப்பார். ஒரு கைப்பிடிக் கம்பி வச்சிருக்கலாம். அதுக்கு மருந்தா வேணும்?"

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "உங்களுக்கு ஒரு சீட்டு எழுதித் தர்றேன்" என்றார். உங்களுக்கு என்ற சொல்லை அவள் கவனித்துக்கொண்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பிலும் முதுகிலும் அடர்த்தி அதளபாதாளம். முதுகில் மூன்று எலும்புகள் ஏற்கெனவே நசுங்கியிருந்தன. அந்த வலியோடுதான் அவள் தினமும் நாற்பது பேரைச் சிரிக்காமல் உட்கார வைத்திருக்கிறாள். பதினாலு மாதமாக எடுக்காமல் விட்டிருந்த ஒரு ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து எடுத்தார்கள். தைராய்டுக்குப் பின்னால் பயறு அளவில் நாலு சுரப்பிகள் இருக்குமாம். சிறுநீரகம் போனவர்களுக்கு அவை வெறி பிடித்து வீங்கும். எலும்புக்குள் கையை விட்டுக் கால்சியத்தை உருவும். உருவியதில் ஒரு பங்கு ரத்தக் குழாய்ச் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். எலும்புக்கும் கேடு, இதயத்துக்கும் கேடு. அவளுக்கு அந்தச் சுரப்பி சுரக்கும் ஹார்மோனின் அளவு, இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு.

அடுத்த ஷிப்டில் அவளுக்கு முதலில் ஊசி எடுத்ததும், டாக்டர் தன் அறையில் அவளையும் மாமாவையும் உட்கார வைத்தார். திரையில் ஸ்கேன். நல்ல செய்தி சொல்கிறவர் முகத்தோடுதான் ஆரம்பித்தார்.

"செய்யறதுக்கு வழி இருக்கு. அந்தச் சுரப்பிகளை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். போன உயரம் வராது. ஆனா கரையறது நிக்கும், கொஞ்சம் திரும்பக் கட்டவும் செய்யும். ஆபரேஷனுக்கப்புறம் கால்சியம் சட்டுனு இறங்கும், பத்து நாள் இங்கயே வச்சுப் பார்க்கணும். ஆபத்து இல்லாம இல்ல. புதன்கிழமை இடம் இருக்கு." ரிப்போர்ட்டை மடித்தபடி சேர்த்துக்கொண்டார்: "இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தீங்கன்னா ரொம்ப நல்லா இருந்திருக்கும்."

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மழை வருவதற்கு முன்னால் மாட்டுக்குத் தெரியுமே, அது மாதிரி.

"முன்னாடியே வந்திருந்தா" என்றாள் அவள்.

"ஆமாம்மா."

"நான் எங்க இருந்து வரணும் சார்? வாரத்துக்கு மூணு நாள், பன்னிரண்டு வருஷம், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கேன். கல்யாண வீட்டுக்குப் போகல, சாவு வீட்டுக்குப் போகல, எங்கம்மா செத்த அன்னிக்குக்கூட நாலு மணி நேரம் இங்கதான் கிடந்தேன். இதைவிட முன்னாடி ஒரு ஆள் எப்படி சார் வர்றது?"

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் டாக்டருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் ரிப்போர்ட்டைத் திரும்பப் பிரித்தார், திரும்ப மடித்தார். கடைசியில், "நான் பார்த்திருக்கணும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்த ஒன்றுக்காக அவள் அவரை மன்னிக்கவில்லை. ஆனால் குறித்து வைத்துக்கொண்டாள்.

"புதன்கிழமைக்கு எழுதட்டுமா?"

"எழுதுங்க. அதுக்கு முன்னாடி மத்த நாலு பேருக்கும் ஸ்கேன் சீட்டு எழுதுங்க."

"அவங்களை ஒவ்வொருத்தரா அடுத்தடுத்த மாசம் பார்த்து..."

"இப்ப எழுதுங்க சார்."

"வெளியில ஆள் காத்திருக்காங்கம்மா."

"நாங்களும் அதைத்தான் பண்ணிட்டிருந்தோம்."

அவள் எழுந்திருக்கவில்லை. மாமா, வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்காமலே வாயைத் திறந்தார். "அவ உட்கார்ந்துட்டா எழுப்ப முடியாதுங்க சார். எலும்பு வேற சரியில்ல" என்றார். டாக்டர் அவரைப் பார்த்தார். சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. பேனா மூடியைக் கழற்றி நாலு சீட்டு எழுதினார். அவள் ஒவ்வொன்றாக வாங்கி, பெயர், தேதி, கையெழுத்து மூன்றையும் பார்த்தாள். இரண்டாவதில் தேதி விட்டுப் போயிருந்தது. திருப்பிக் கொடுத்தாள். எழுதினார்.

பிறகுதான் எழுந்தாள், மாமா தோளைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, நின்று பார்த்து, அடுத்ததை ஊன்றி. டயாலிசிஸ் அறையில் காலை ஷிப்ட் முடிகிற நேரம். வாத்தியார் கட்டுப் போட்ட கையை மடித்து வைத்துக்கொண்டு எடை பார்க்கக் காத்திருந்தார். அவர் மடியில் சீட்டை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"உங்க எலும்பைப் பார்க்கறதுக்குச் சீட்டு. நாளைக்கே போங்க."

"புதன்கிழமை உனக்கு ஆபரேஷனுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்களே. முடிஞ்சு வந்ததும் எப்படி இருக்குன்னு நீ சொல்லு, அதைப் பார்த்துட்டு நான்..."

"நான் வந்தாலும் வராட்டாலும் நாளைக்குப் போறீங்க" என்றாள் அவள். "போகலைன்னு தெரிஞ்சுது, உங்க இடுப்பை நானே ஒடிப்பேன்."

வாத்தியார் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டார். அவள் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள். இன்னும் மூன்று சீட்டு இருந்தது.